ஆபரேட்டர் பதில்கள்: இடைவேளை வைக்க இடம் இல்லாத படம்

சென்ற இதழில் போகிற போக்கில், "ஜுராசிக் பார்க் வரிசையில் முதல் படத்துக்கு அப்புறம் வந்த ஆறில் பாதி தேறாது" என்று எழுதியிருந்தேன். எந்தப் பாதி என்று கேட்டு வரிசையாகக் கடிதங்கள். அதனால் இந்த முறை பதில்கள் எல்லாமே டைனோசருக்கு.

கேள்வி: ஐயா, எங்கள் ஹாஸ்டலில் இரண்டு கட்சி. மூன்றாம் பாகம்தான் இருப்பதிலேயே மட்டம் என்கிறான் என் அறை நண்பன். நான் ஆறாம் பாகமான டொமினியன் என்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.
(கல்லூரி மாணவர், குடியாத்தம்)

பதில்: தம்பி, டொமினியன்தான். ஆனால் உங்கள் நண்பர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

வேலூரிலும் ஆற்காட்டிலுமாக 31 வருஷம் தியேட்டர்களில் ஆபரேட்டராக இருந்தவன் நான். இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை கிடையாது. எடுத்தவர்கள் ஒரே மூச்சில் பார்ப்பதற்காக எடுத்திருப்பார்கள். நம் ஊரில் அது நடக்காது. கேன்டீன்காரர் பஜ்ஜி போட்டுவிட்டுக் காத்திருப்பார், ஜனங்களுக்கும் வெளியே போய் வந்தால்தான் படம் பார்த்த மாதிரி இருக்கும். ஆகவே எங்கே நிறுத்துவது என்பது ஆபரேட்டர் கையில். படப்பெட்டி வந்த ராத்திரியே நான் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவேன். எந்த இடத்தில் ஜனங்கள் மூச்சைப் பிடிப்பார்களோ, அந்த இடம் ஒரு ரீல் முடிவுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். நல்ல படத்தில் அந்த இடம் தானாகவே வந்து நிற்கும். இன்றைக்கும் ஒரு படத்தை நான் எடைபோடுவது அப்படித்தான்.

முதல் படத்தை 1994இல் ஓட்டினேன். மின்வேலி செத்துப்போய், மழையில் டி.ரெக்ஸ் ரோட்டுக்கு வந்து, குழந்தைகள் இருக்கும் காரைப் புரட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறதே, அங்கே நிறுத்தினேன். விளக்கைப் போட்டும் அரை நிமிடம் யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் வரும் தண்ணீர் டம்ளர் காட்சி உங்களுக்குத் தெரியும். மிருகம் இன்னும் வரவில்லை, டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அதிர்வு மட்டும் வருகிறது. டம்ளருக்கு அடியில் கிட்டார் கம்பியைப் பூட்டி மீட்டித்தான் அந்த வட்டத்தைக் கொண்டுவந்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். எங்கள் தியேட்டரில் அப்போது டிடிஎஸ் என்கிற டிஜிட்டல் ஒலி கிடையாது, திரைக்குப் பின்னால் பழைய ஸ்பீக்கர்தான். இருந்தும், பால்கனி முன் வரிசையில் ஒருவர் காலடியில் வைத்திருந்த சோடா பாட்டிலை எடுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டதை என் அறையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். நாலு காட்சியும் அந்த இடத்தில் நான் திரையைப் பார்க்காமல் ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படம் 127 நிமிடம். டைனோசர் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம். மீதி நேரமெல்லாம் அது வருமா, எங்கிருந்து வரும் என்ற காத்திருப்பு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாம் பாகம், 2001. ஜோ ஜான்ஸ்டன் இயக்கியது. படப்பிடிப்புக்குச் சில வாரங்களே இருக்கும்போது எழுதி வைத்திருந்த கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கதை பண்ணினார்கள். அந்த அவசரம் படத்தில் அப்பட்டமாகத் தெரியும். டைனோசர் ஆராய்ச்சியாளர் ஆலன் விமானத்தில் தூங்கும்போது, கனவில் ஒரு ராப்டர் (ஆள் உயரத்தில் வேட்டையாடும் டைனோசர்) "ஆலன்" என்று பேர் சொல்லிக் கூப்பிடும். அந்த இடத்தில் தியேட்டரே சிரித்தது. அப்புறம், படம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் ஸ்பைனோசாரஸ் வந்து டி.ரெக்ஸின் கழுத்தை முறித்துப் போட்டுவிடும். இடைவேளைக்கு முன்னாலேயே கதாநாயகனை வில்லன் கொன்றால் நம் ஜனங்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். தரை டிக்கெட்டில் ஒரே கூச்சல்.

முடிவுதான் மகா மோசம். கடற்கரைக்கு ஓடி வருகிறார்கள், எதிரே ராணுவம் நிற்கிறது, படம் முடிந்துவிட்டது. முதல் முறை ஓட்டியபோது கடைசி ரீல் பெட்டியிலேயே தங்கிவிட்டதோ என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம் ஓடும். 92 நிமிடப் படத்துக்கு 8,280 அடி. அளந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காட்சியில் "ஆபரேட்டர், ரீலை வெட்டிட்டியா?" என்று கீழேயிருந்து கத்தினார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டும் ஏன் இதை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன் என்றால், இதில் இடைவேளை வைக்க இடம் இருந்தது. தீவில் எட்டு வாரம் தனியாகப் பிழைத்துக் கிடந்த பையனும், அவனைத் தேடி வந்த அப்பா அம்மாவும் ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள். அப்பாவின் சாட்டிலைட் போன் மணி கேட்டுத்தான் பையன் வந்திருக்கிறான். அப்பா பையைத் தடவுகிறார், போன் இல்லை. அதை வாங்கி வைத்திருந்தவனை ஸ்பைனோசாரஸ் முன்னாடியே விழுங்கிவிட்டது. அப்படியென்றால் மணி எங்கிருந்து வந்தது? மெல்லத் திரும்பிப் பார்க்கிறார்கள். 2001இல் நம் ஊரில் செல்போன் வைத்திருந்தவர் ரொம்பக் குறைவு. பால்கனியில் தோல் கம்பெனிக்காரர் ஒருவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே நிறுத்தினேன்.

அதே படத்தில் பனிமூட்டத்துக்குள் ஒரு பழைய தொங்குபாலம் வரும். பையன் முன்னால் போகிறான். எதிரே பனிக்குள் ஏதோ நடந்து வருகிறது. பறக்கிற மிருகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த டெரனோடான், சிறகை மடக்கிக்கொண்டு, தரையில் நடந்து வருகிறது. மார்கழிக் காலையில் பாலாற்றுப் பாலத்தில் எதிரே லாரி வருவது வெளிச்சம் முகத்துக்கு நேரே வரும் வரை தெரியாது பாருங்கள், அதே திகில். ஒரு சின்னப் படம், தன்னால் முடிந்ததைச் செய்தது. குறை நிறைய. ஆனால் அது மிருகத்தை நம்பி எடுத்த படம்.

டொமினியன், 2022. இதை நான் ஓட்டவில்லை, ரீலெல்லாம் அதற்கு முன்னாலேயே போய்விட்டது. பேரனோடு டிக்கெட் வாங்கிப் பார்த்தேன். முந்தின படமான ஃபாலன் கிங்டத்தின் முடிவில் டைனோசர்கள் கூண்டிலிருந்து வெளியே வந்து நாடு நகரமெல்லாம் பரவிவிட்டன. அடுத்த படத்தில் அவை நம் நடுவில் வாழும் என்று நாலு வருஷம் காத்திருந்தோம். என்ன நடந்தது? அதையெல்லாம் ஆரம்பத்தில் ஒரு டிவி செய்தி மாதிரி காட்டி முடித்துவிட்டு, கதையை வெட்டுக்கிளி பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒரு கம்பெனி ராட்சத வெட்டுக்கிளிகளை உண்டாக்குகிறது. தன் விதையில் விளைந்த பயிரை விட்டுவிட்டு மற்றவர்கள் பயிரையெல்லாம் அவை தின்கின்றன.

இது கெட்ட யோசனை என்று நான் சொல்லவில்லை. என் மச்சான் ஒடுகத்தூர் பக்கம் மல்லாட்டை போடுகிறவர். 2020இல் வடக்கே வெட்டுக்கிளிக் கூட்டம் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுப் பத்து நாள் நிலத்திலேயே கிடந்தார். விதைக் கம்பெனியையும் வெட்டுக்கிளியையும் வைத்துத் தாராளமாக ஒரு படம் எடுக்கலாம், நானே முதல் ஆளாகப் போவேன். ஆனால் டைனோசர் பார்க்க வந்தவனை உட்காரவைத்து அந்தப் படத்தைக் காட்டுவது தப்பு. டைனோசர்களோ கடைசியில் மறுபடியும் ஒரு மலைப் பள்ளத்தாக்குக்குள், ஒரு கம்பெனியின் காவலில் போய் உட்கார்ந்துவிட்டன. பழைய தீவு மாதிரியேதான் அதுவும்.

படம் 147 நிமிடம். ரீலாக வந்திருந்தால் 13,230 அடி. மால்டாவில் ராப்டர்கள் துரத்த மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள், விமானம் விழுகிறது, பனி ஏரி உடைகிறது, ஒன்று முடிவதற்குள் அடுத்தது. முதல் படத்தின் மூவரையும் புதியவர்களையும் சேர்த்து ஒரே இடத்தில் நிறுத்தி, சுற்றிலும் பெரிய மிருகங்கள் கர்ஜிக்கும்போது என் பேரன் என் கையைத் தட்டி, "பயப்படாத தாத்தா, இவங்க யாரும் சாகமாட்டாங்க" என்றான். ஒன்பது வயசு. அவன் சொன்னபடியே ஆயிற்று. நான் படம் முழுக்க இடைவேளை வைக்க ஓர் இடம் தேடிக்கொண்டே இருந்தேன். ஒரே ஓர் இடம் கிடைத்தது என்று சொல்லலாம். நீண்ட நகங்களோடு தெரிசினோசாரஸ் குளத்தோரம் வர, கதாநாயகி கிளேர் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் அமிழ்வாளே, அது. ஆனால் அதுவும் இரண்டு நிமிடத்தில் கரைந்துபோகிறது, அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பயம் ஒட்டவே இல்லை. மூன்றாம் பாகத்துக்கு நேரமும் கதையும் இல்லாமல் போனது. டொமினியனுக்கு எல்லாமே இருந்தது, பழைய நடிகர்கள் உட்பட. அதனால்தான் அதன் மேல் எனக்குக் கோபம் அதிகம்.

கேள்வி: ஸ்பீல்பெர்க் எடுத்தது என்பதால் இரண்டாம் பாகமான தி லாஸ்ட் வேர்ல்டைத் தேறாத பாதியில் சேர்க்க மாட்டீர்கள்தானே? அந்தக் கப்பல் காட்சிக்கு உங்களால் விளக்கம் சொல்ல முடியுமா?
(பள்ளி ஆசிரியை, ஆம்பூர்)

பதில்: முடியாது டீச்சர். கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள், டி.ரெக்ஸோ கீழே சரக்கு அறையில் பூட்டியிருக்கிறது. யார் கொன்றது என்று 1997இல் என்னிடம் டிக்கெட் கிழிக்கிற பையன் கேட்டான், இன்றைக்கு வரை எனக்குப் பதில் தெரியாது. கதாநாயகன் மால்கமின் மகள் கம்பியில் சுழன்று ராப்டரை உதைப்பதும் தேவையே இல்லை. மூன்று காட்சிகளுக்கு ஒருமுறையாவது இந்தப் படம் தன் பேரைக் கெடுத்துக்கொள்ளும்.

ஆனாலும் மலை விளிம்பில் தொங்கும் அந்த வண்டி இருக்கிறது. மால்கமின் காதலி சாரா கண்ணாடி மேல் விழுந்து கிடக்கிறாள். அடியில் அதலபாதாளம். அவள் உள்ளங்கையை ஊன்றுகிறாள், கையைச் சுற்றி மெல்லிய விரிசல் கோடு ஓடுகிறது. மூச்சு விட்டால் இன்னொரு கோடு. இந்த இடத்தில் டைனோசரே திரையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணாடியின் அந்தச் சின்னச் சத்தம் எங்கள் பழைய ஸ்பீக்கரில் கேட்டதே பெரிய விஷயம். வண்டி விழுந்ததும் விளக்கைப் போட்டேன். உயரமான புல்லுக்குள் ராப்டர்கள் வருவது கோடு கோடாக மட்டும் தெரியும் இடமும் அப்படித்தான். இந்த இரண்டும் இருக்கிற படத்தைத் தேறாத பாதியில் சேர்க்க எனக்கு மனசு வராது.

கேள்வி: அண்ணா, ஃபாலன் கிங்டம் பார்த்து நான் அழுதுவிட்டேன். எல்லோரும் மோசமான படம் என்கிறார்கள். மோசமான படம் அழவைக்குமா?
(இல்லத்தரசி, வாலாஜாப்பேட்டை)

பதில்: அழவைக்கும்மா. நீங்கள் எந்த இடத்தில் அழுதீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எரிமலை வெடித்துத் தீவே அழிகிறது. கடைசிக் கப்பல் கிளம்பிவிட்டது. படகுத்துறையின் முனை வரைக்கும் ஒரு பிராக்கியோசாரஸ் வந்து நிற்கிறது. அதற்கு மேல் போக வழியில்லை. கப்பலைப் பார்த்துக் கத்துகிறது. புகை வந்து மூடுகிறது. புகைக்குள் அது முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நிற்பது நிழலாகத் தெரிகிறது, அப்புறம் அதுவும் இல்லை. முதல் படத்தில் நாமெல்லாம் வாயைப் பிளந்து பார்த்த முதல் டைனோசர் பிராக்கியோசாரஸ்தான், அதுவும் இப்படித்தான் பின்னங்காலில் எழுந்து நின்று இலை பறித்தது. இது அதே மிருகம்தான் என்று இயக்குநர் பயோனாவே சொன்னார். 1994இல் அதை ஓட்டியவன் நான். 2018இல் அது சாவதை இருட்டில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. கப்பலின் பின்பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அந்த மௌனம் ரொம்பச் சரி.

இடைவேளை வைக்க அதைவிட நல்ல இடம் இந்த வரிசையிலேயே இல்லை. சிக்கல் அதற்கு அப்புறம். மீதிப் படம் ஒரு பழைய மாளிகைக்குள் போய்விடுகிறது. டைனோசர்களை ஏலம் விடுகிறார்கள், இருட்டில் ஒரு புது மிருகம் சின்னப் பெண்ணின் படுக்கை வரை நகத்தை நீட்டுகிறது. பேய்ப்படம் மாதிரி நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆனால் முதல் பாதியின் துக்கம் அங்கே எங்கேயும் இல்லை. இரண்டு படப் பெட்டிகள் மாறிப்போய், ஒன்றின் முதல் பாதியோடு இன்னொன்றின் பின்பாதியை ஓட்டிய மாதிரி. அதனால் இது என் கணக்கில் தேறாத பாதியில்தான் வரும். உங்கள் அழுகை அதனால் பொய்யாகிவிடாது.

கேள்வி: ஸ்பைனோசாரஸும் டி.ரெக்ஸும் நிஜமாகவே சண்டை போட்டிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்?
(மெக்கானிக், ராணிப்பேட்டை)

பதில்: சந்தித்தே இருக்காது. ஸ்பைனோசாரஸ் வட ஆப்பிரிக்கா, டி.ரெக்ஸ் வட அமெரிக்கா. இரண்டுக்கும் நடுவே சுமார் 3 கோடி ஆண்டு இடைவெளி வேறு. ஸ்பைனோசாரஸுக்கு 1915இல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர். எகிப்தில் கிடைத்த அந்த எலும்புகள் மியூனிக் நகர மியூசியத்தில் இருந்தன. 1944இல் குண்டு விழுந்து எல்லாம் அழிந்துபோயின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாம் பாகத்தின் பின்பகுதியில் அது ஆற்றுக்குள் வந்து படகைத் தாக்கும். அதன் வால் துடுப்பு மாதிரி இருந்தது என்பதை மொராக்கோவில் கிடைத்த எலும்புகளை வைத்து 2020இல்தான் வெளியிட்டார்கள். தண்ணீரில் அது எந்த அளவுக்கு நீந்தியது என்று விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் நீர்நிலையை நம்பி வாழ்ந்த மிருகம் என்பதில் சந்தேகம் இல்லை. எல்லோரும் திட்டிய படம், மிருகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறது.

கேள்வி: தாத்தா, வேலூர் மலையைத் தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா?
(ஏழாம் வகுப்பு மாணவன், அணைக்கட்டு)

பதில்: கிடைக்காது கண்ணு. கோட்டையைச் சுற்றி நீ பார்க்கிற மலையெல்லாம் சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய பாறை. பூமிக்கு அடியில் ஆழத்தில் வெந்து இறுகியது. டைனோசர் பிறந்ததே சுமார் 23 கோடி ஆண்டுக்கு முன்னால்தான். அதாவது, டைனோசர் வந்தபோதே நம் மலைக்குக் கிழட்டு வயசு. எலும்பு தங்க வேண்டுமென்றால் ஆறோ கடலோ கொண்டுவந்து கொட்டிய மண் படிந்து பாறையாகியிருக்க வேண்டும். அதற்கு நீ அரியலூர் போக வேண்டும். அங்கே கல்லமேடு பக்கம் ரொம்பப் பெரிய எலும்புகள் கிடைத்தன. பிருஹத்காயோசாரஸ் என்று 1980களில் பெயர் வைத்தார்கள், உலகத்திலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து மண்ணாகிவிட்டன. படமும் அளவுக் குறிப்பும்தான் மிச்சம். நீ படித்துப் பெரியவனாகி அங்கே போய்த் தேடு. இன்னொன்று கட்டாயம் இருக்கும்.

கேள்வி: ஜுராசிக் வேர்ல்டில் நம்ம இர்ஃபான் கான் இருந்தும் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே?
(வங்கி ஊழியர், காட்பாடி)

பதில்: எழுதாமல் விட்டது தப்புதான். 2015இல் பூங்காவின் முதலாளி மஸ்ரானியாக வருவார். லாபத்தைப் பற்றிப் பேச வேண்டிய முதலாளி, "மிருகங்கள் சந்தோஷமாக இருக்கின்றனவா?" என்ற தோரணையில் நடந்துகொள்வார். அந்த ஒரு பாத்திரத்துக்காகவே படத்தைத் தேறிய பாதியில் வைக்கிறேன். ஹெலிகாப்டரோடு அவரைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். அவர் இருந்திருந்தால் அடுத்த இரண்டு படங்களிலும் டைனோசருக்காகப் பேச ஓர் ஆள் இருந்திருப்பார்.

கேள்வி: 2025இல் வந்த ரீபர்த் எந்தப் பாதி?
(பேருந்து நடத்துநர், ஆற்காடு)

பதில்: அதுதான் என் கணக்கில் மூன்றாவது தேறாத படம், ஆனால் வருத்தத்தோடு சொல்கிறேன். கடைசியில் வரும் அந்த உருக்குலைந்த புது மிருகத்தால் வந்த வினை. நிஜ டைனோசர் ஜனங்களுக்குச் சலித்துவிட்டது என்று யாரோ இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், 2015லிருந்து புதுசு புதுசாக ஜோடித்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குச் சலிக்கவில்லை. உங்கள் பஸ்ஸில் வரும் எந்தக் குழந்தைக்கும் சலித்திருக்காது.

ஆனால் ஆற்றுக் காட்சிக்காக ஒருமுறை பாருங்கள். 1990இல் வந்த மூல நாவலிலேயே இருந்த காட்சி அது, முதல் படத்தில் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கரையில் டி.ரெக்ஸ் தூங்குகிறது. பக்கத்திலேயே ஒரு பெண் சத்தம் வராமல் ரப்பர் படகை இழுக்கிறாள். படகு தானாகவே காற்று பிடித்து உஸ்ஸென்று ஊத ஆரம்பிக்கிறது. நான் அறையில் இருந்திருந்தால் அந்தச் சத்தத்தில் நிறுத்தி விளக்கைப் போட்டிருப்பேன்.